உச்சியின் இடம்

முதலில் ஒரு பெயர் கேட்கிறது பெட்டி.
"புயல் 1" என்று தானாகவே எழுதியும் வைத்திருக்கிறது.
விட்டுவிடுகிறேன்.
பெயர் வைத்தா மழை பெய்யப்போகிறது?

வாய்ப்பு: ஆண்டுக்கு ஒரு விழுக்காடு.
சோரல் ஓடைக்காரர்கள் இதை நூறாண்டு வெள்ளம் என்பார்கள்.
ஒன்பது ஆண்டில் இரண்டு முறை வந்துவிட்டது.
கெண்டக்கியின் இந்த மடிப்பில்
நூற்றாண்டுகள் கொஞ்சம் குட்டை.

நீளம்: இருபத்து நான்கு மணி.
உக்கிரமான துண்டு: ஐந்து நிமிடம்.
ஒரு சிகரெட் தீரும் நேரத்தில்
முக்கால் அங்குலம்.
கால் மணிக்கு ஒன்று புள்ளி நான்கு.
ஒரு மணிக்கு இருபத்தாறு.

புள்ளி விட்டுப்போயிற்று.
சிவப்பில் சினக்கிறது மென்பொருள்:
இரண்டு மணி நேர மழை
ஒரு மணி நேர மழையைவிடக் குறைய இயலாது.
வாஸ்தவம்.
பெய்ததைத் திருப்பி வாங்க மேகத்துக்கு வழி கிடையாது.
எனக்கு உண்டு.
புள்ளியை வைக்கிறேன்,
இருபத்தாறு அங்குலமும் சத்தமில்லாமல் வடிகிறது,
மூழ்கியது தெரியாமலே எழுந்து நிற்கின்றன வீடுகள்.

பரப்பு: நான்கு புள்ளி ஒன்று சதுர மைல்.
அதற்குள் இரண்டு தேவாலயம்,
கம்பி வலையிட்டு மூடிய சுரங்க வாய்,
எண்பத்தொரு அஞ்சல்பெட்டி,
ஆர்வில் நோபிளின் தீவனக்கடை.
மென்பொருளுக்கு இந்த ஊரின் பெயர்
வளைவெண் எழுபத்து நான்கு.

கடைசியாக, உச்சி எந்த இடத்தில்?
இருபத்தைந்து, முப்பத்து மூன்று, ஐம்பது,
அறுபத்தேழு, எழுபத்தைந்து.
கேட்காமலே ஐம்பதில் நிற்கிறது.
நட்டநடுவில் ஒரு கோபுரம், இருபுறமும் ஒரே சரிவு,
பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கு வாரிவிட்ட தலை.
எட்டு ஆண்டுகளாக
எல்லா மழைக்கும் நான் நேர்வகிடுதான் எடுத்திருக்கிறேன்.

ஆர்வில் ஆகஸ்டில் வந்தார்.
"மிஸ் காடில், இதை எங்கே கொடுப்பதென்று தெரியவில்லை."
மடித்த தீவனப் பை. அதன் பின்புறம் பென்சிலில்
வேலிக் கம்பத்து மழைக்குழாய் காட்டிய அளவுகள்,
மணிக்கு ஒன்றாய்.
காலை பத்து: தூறல் தொடங்கிற்று.
மாலை ஆறு: அதே. நாய் உள்ளே வர மறுக்கிறது.
நள்ளிரவு: ஓடை பழுப்பு.
இரவு இரண்டு: குழாய் வழிகிறது, படிக்க முடியவில்லை,
கடைக்குப் போகிறேன்.
பிறகு பையில் எதுவும் இல்லை.

பத்திலிருந்து இரண்டு, பதினாறு மணி.
இருபத்து நான்கில் பதினாறு
அறுபத்தேழு விழுக்காடு.
பட்டியலில் ஒரு படி கீழே.

மாற்றி ஓட்டுகிறேன்.
அதே மழை. சொட்டுக்கூடக் கூட்டவில்லை.
ஆனால் பேய்மழை வந்து சேரும்போது
மண் ஏற்கெனவே குடித்து முடித்திருக்கிறது.
ஆயிரத்து நூற்று நாற்பது கன அடி
ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு ஆகிறது.
ஆறடிக் குழாய்க்குள் அது அடங்காது.
குழாயின் வரைபடம் அலமாரியில், மூன்றாவது தட்டில்.
கீழ் மூலையில் இருப்பது
என் கையெழுத்து.

"கையேடு ஐம்பது என்கிறது,"
என்கிறார் கார்லண்ட், கோட்டை மாட்டிக்கொண்டே.
"ஒரு மழை சாட்சியாகாது, லோரீன்.
அடுத்தது காலையிலேயே கொட்டலாம்."
அவர் சொல்வதிலும் தப்பில்லை.
இரண்டு முடிவுகளையும் அச்செடுத்து அவர் மேசையில் வைக்கிறேன்,
பெரிய எண் மேலே இருக்கும்படி.

விளக்கம் என்றொரு பெட்டி உண்டு,
கட்டாயமில்லை, எப்போதும் காலியாக விடுவது.
இன்று தட்டுகிறேன்:
உச்சி 67. ஆதாரம், ஆ. நோபிள்,
ஐம்பது ராத்தல் கோழித்தீவனப் பை, பென்சில்,
இரவு இரண்டு மணிக்கு அவர் விளக்கை எடுத்துக்கொண்டு

இடம் முடிந்துவிட்டது என்கிறது பெட்டி.